நாசித் திலகம் முகர்ந்த எரிமலை

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட வக்கீல் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நடுநடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வராத கண்ணீரை வந்ததாகக் காட்டிய பல் டாக்டர் அவர்களே! இத்தாலியச் சிவப்பு ஒயின் சுவைஞர் வட்டத்தின் ஏனைய உறுப்பினர்களே! வட்டத்தில் ஓர் இடம் காலியாகிவிட்டதே, நமக்குக் கிடைக்குமா என்று பார்த்துப்போக வந்திருக்கும் அன்பர்களே! முன்வரிசையில் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கும் என் அக்கா! எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்துவிட்டார்! நம் நாசித் திலகம் மறைந்துவிட்டார்! கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, 'ஆஹா' என்று சொன்னால் ஐந்து பேர் சேர்ந்து 'ஆஹா' என்பார்களே, அந்த முதல் 'ஆஹா' மறைந்துவிட்டது! இனி நீங்கள் எதற்குப் பின்னால் 'ஆஹா' சொல்வீர்கள்?

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து 'பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி' என்று கத்தியே வயிறு வளர்ப்பவன். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. மறைந்தவர் எனக்கு அத்தான், அக்காவின் கணவர். உங்களுக்கு அவர் நாசித் திலகம். அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியது யார்? வக்கீல் ஐயா. சூட்டும்படி ஐயாவிடம் கேட்டுக்கொண்டது யார்? அத்தானேதான்.

அவர் எப்படிப் போனார் என்பதை டாக்டர் சொல்லாமல் விட்டுவிட்டார். 'இயற்கை எய்தினார்' என்று முடித்துக்கொண்டார். நான் சொல்கிறேன். அத்தானுக்குக் குளியலறை ஓடு விற்கும் கடை என்பது உங்களுக்குத் தெரியும். கை கழுவும் தொட்டி வாங்க வந்த ஒரு தம்பதிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி விலை சொல்லும்போது மாரடைப்பு. மீதி விலை கடைசிவரை வெளியே வரவில்லை. வந்தவர்கள் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. மேடையில் சொன்னதுபோல் அவர் கடைசி மூச்சில் திராட்சைத் தோட்டம் எதையும் பார்க்கவில்லை, டாக்டர். எதிரே இருந்தது மேற்கத்தியக் கழிப்பறை.

சிரிக்காதீர்கள். இது இரங்கல் கூட்டம்.

சற்று முன் டாக்டர் ஓர் அறிவிப்புச் செய்தார். மாதக் கடைசிச் சனிக்கிழமை சுவை விருந்து நிற்காது. 'நாசித் திலகம் நினைவு விருந்து' என்ற பெயரில் அதே வீட்டில், அதே மேசையில் நடக்கும். 'அம்மா அவர்கள் வழக்கம்போல் சமையலைக் கவனித்துக்கொள்வார்கள்' என்றார். கைதட்டினீர்கள். என் அக்கா தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் நான் எழுதிக்கொண்டு வந்த உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அது நல்ல உரை. அதில் அத்தான் நல்லவர்.

'வழக்கம்போல்' என்றீர்களே, டாக்டர்! அந்த வழக்கம் என்னவென்று இந்தச் சபைக்குத் தெரியுமா? விருந்துக்கு முதல் நாளே அக்கா தபால் நிலையத்துக்கு விடுப்புப் போட வேண்டும். கோப்பைகளை வெந்நீரில் மட்டும் கழுவ வேண்டும். சோப்புப் பட்டால் மணம் கெட்டுவிடும். வீட்டில் பூ இருக்கக்கூடாது, மெழுகுவத்தி இருக்கக்கூடாது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும், தெருவின் வாசம் உள்ளே வந்துவிடும். சளி பிடித்தவன் மேசைக்கே வரக்கூடாது. ஒயின் பாட்டில்களின் பெயர் தெரியாமலிருக்க அத்தானின் பழைய காலுறைகளை அவற்றுக்கு மாட்டுவதும் அக்காதான். பிறகு இறைச்சியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்து, ரொட்டி அறுத்து, பாலாடைக்கட்டியைத் தட்டில் அடுக்கி, எல்லாம் முடிந்ததும் அவள் என்ன செய்ய வேண்டும்? மேசையில் உட்கார வேண்டுமா?

அத்தான் சொன்னதை அவர் குரலிலேயே சொல்கிறேன். "உன் மேல கோந்து வாசம் வருது. நீ பக்கத்து வீட்டுல போய் உட்காரு. தட்டெடுக்கக் கூப்பிடுறேன்."

தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள் மேல் கோந்து வாசம் வராமல் குங்குமப்பூ வாசமா வரும்? அவள் சமைத்த இறைச்சி உங்களுக்கு மணத்தது. அவள்தான் நாறினாள்! உங்களில் ஒருவராவது, ஒரே ஒரு முறையாவது, "அம்மாவும் உட்காரட்டுமே" என்று சொன்னீர்களா? வக்கீல் ஐயா, ஊரில் எல்லோருக்கும் வாதாடுவீர்களே, இதற்கு வாய் வரவில்லையா?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். போன மழைக்காலத்து விருந்தை விடமாட்டேன்.

வேண்டாம் என்று கை காட்டாதே, அக்கா. அத்தான் இருக்கும்வரை சொல்லாதே என்றாய். வாக்கைக் காப்பாற்றினேன். இப்போது அவர் இல்லை.

அன்று எனக்கு நல்ல சளி. விதிப்படி என்னைப் பால்கனியில் உட்காரவைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். அக்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுப்புல குழம்பு கொதிக்குது. யாராவது ஒருத்தர் தீயைக் குறைச்சிடுங்க." நீங்கள்தானே, டாக்டர், "நான் பார்த்துக்கிறேம்மா" என்றீர்கள்? பார்த்தீர்களா?

குழம்பு பொங்கியது. தீ அணைந்தது. கேஸ் மட்டும் நிற்கவில்லை.

ஜன்னல் சாத்திய வீடு. மேசையைச் சுற்றி ஊரிலேயே சிறந்த மூக்குகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மூக்குகள். அடுத்த அறையிலிருந்து கேஸ் வருகிறது. பழுப்புக் காலுறை மாட்டிய பாட்டில் திறக்கப்படுகிறது. கோப்பையைச் சுற்றுகிறார்கள். முகர்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்க்கிறேன். முகம் சுளிக்கிறது! வட்டத்தில் ஒருவரான நகை மதிப்பீட்டாளர் மூக்கைத் தேய்க்கிறார். வக்கீல் ஐயா கோப்பையைத் தள்ளிப் பிடிக்கிறார். வாய் திறந்து "என்னமோ நாறுதே" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லமாட்டார்கள். வட்டத்தின் விதி அப்படி. தலைவர் பேசிய பிறகுதான் மற்றவர்கள் பேச வேண்டும்.

தலைவர் கண்ணைத் திறந்தார். "ஆஹா!" என்றார். "கந்தகம்! தார்! எரிமலைச் சரிவுல விளைஞ்ச திராட்சை. இது எட்னா!"

உடனே என்ன நடந்தது? சுளித்த முகமெல்லாம் மலர்ந்துவிட்டது! "அதான் பார்த்தேன், கந்தகம்" என்றார் ஒருவர். "பூமிக்கு அடியிலேருந்து வர்ற வாசம்" என்றார் இன்னொருவர். டாக்டர் இன்னும் ஒருபடி மேலே போனார். "மூச்சை இழுக்க இழுக்கக் கூடிக்கிட்டே போகுதுங்க" என்றார். கூடாதா பின்னே? சிலிண்டர் நிறைய இருந்ததே! கதவுக்கு வெளியே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சளியில் எனக்கு வாசம் தெரியவில்லை. இவர்களுக்குத் தெரிந்தது. கேஸை முகர்ந்து பாராட்டிக்கொண்டிருந்தார்கள்! மெழுகுவத்தி கூடாது என்ற அந்த ஒரு விதி இல்லாவிட்டால் இன்று ஆறு படங்களுக்கு மாலை போட்டிருப்போம். மேடைக்குத் தலைமை தாங்கத்தான் ஆள் கிடைத்திருக்காது.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. அக்கா. மாடிப்படி நடையிலேயே அவளுக்கு வாசம் தெரிந்துவிட்டது. ஓடிவந்து அடுப்பை மூடினாள், சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள். உங்கள் உயிரைக் கையில் பிடித்துத் திரும்பக் கொடுத்தாள்.

நாசித் திலகம் எழுந்து நின்று கத்தினார்: "யாருடி உன்னை ஜன்னலைத் திறக்கச் சொன்னது? மணம் பூரா போச்சு!"

நீங்கள் என்ன செய்தீர்கள்? கோப்பையைப் பார்த்தீர்கள். "அடடா, போச்சே" என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று சொல்லமாட்டேன். அவருடைய கைக்கடிகாரம் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறேன்.

இப்போது கேளுங்கள். மாடிப்படி நடையில் வந்தவளுக்கே தெரிந்த வாசம் நாசித் திலகத்துக்கு ஏன் தெரியவில்லை? ஏனென்றால், சபையோரே, நாசித் திலகத்துக்கு நாசியே இல்லை! அதற்கு இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் மூக்கு செத்துப்போய்விட்டது. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். அப்படியானால் காலுறைக்குள் இருக்கும் பாட்டிலை ஒருமுறைகூடத் தவறாமல் எப்படிச் சொன்னார்? காலுறை மாட்டியது யார்? சாம்பல் நிறம் என்றால் கியாந்தி. நீலம் என்றால் பரோலோ. பழுப்பு என்றால் எரிமலை. அக்கா முன்கூட்டியே சொல்லிவிடுவாள், அத்தான் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வார்! நீங்கள் இத்தனை நாள் 'ஆஹா' போட்டது ஒரு மனிதனின் பழைய காலுறைக்கு!

அன்று அவள் தரையைத் துடைத்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். அவமானப்படுவார், பாவம், யாரிடமும் சொல்லாதே என்றாள். உயிரைக் காப்பாற்றியதற்குத் திட்டு வாங்கிய கை, அந்த ஆளின் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இந்த அக்காவைத்தான் 'வழக்கம்போல்' சமையலறைக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? செத்தவருக்காவது மூக்கு இல்லை. உங்களுக்கு?

ஆகவே இந்த மேடையிலேயே சொல்கிறேன். நினைவு விருந்து கிடையாது. அந்த வீட்டுப் படியை நீங்கள் இனி மிதிக்கக்கூடாது. அக்கா தலையாட்டியது செல்லாது. அவளுக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாது. அவளுக்காக நான் சொல்கிறேன்.

என்ன, அக்கா? உட்கார். நான் முடித்துவிடுகிறேன். மைக் வேண்டாம், அங்கிருந்தே சொல்.

சபையோரே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. என் அக்கா சொன்னதை நானே திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஒளித்தேன் என்று பேர் வேண்டாம்.

"டேய், எனக்காகப் பேசறேன்னு நீ பேசினதெல்லாம் போதும். அவர் செத்தும் அவரை அம்மணமா நிக்கவெச்சுட்ட. நான் தலையாட்டினேன்தான். ஏன்னு கேட்டியா? இவங்க வடிகட்டின முட்டாளுங்க, எனக்குத் தெரியாதா? ஆனா மாசம் ஒரு தடவை வருவாங்க. மேசையில சத்தம் கேட்கும். இவங்களும் வரலைன்னா அந்த வீட்டுக்கு யாருடா வருவா? நீயா? விருந்து இல்லாத ஒரு நாள்ல நீ எங்க வீட்டுக்கு வந்திருக்கியா? எப்போன்னு சொல்லு, பார்ப்போம்."

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு பேர் காத்திருக்கும்போது நீண்ட நேரம் யோசிக்கக்கூடாது. வந்ததில்லை.

கைதட்ட வேண்டாம், டாக்டர். உங்களை அவள் முட்டாள் என்றுதான் சொன்னாள்.

நாசித் திலகத்தின் பணி தொடரும் என்று உறுதி எடுத்துக்கொள்ளத்தான் என்னை இங்கே அழைத்தீர்கள். சரி, எடுத்துக்கொள்கிறேன். வீடு அவளுடையது. முட்டாள்களை அழைப்பதும் அவள் இஷ்டம். சனிக்கிழமை விருந்து உண்டு, வாருங்கள். அவள் மேசையின் தலைமை நாற்காலியில் உட்காருவாள், அவள் பேசிய பிறகுதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு இந்தச் சபையே சாட்சி. நான் வரமாட்டேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அக்கா. ஒன்றும் சமைக்காதே.

"பார்க்கலாம்" என்கிறாள். நம்பவில்லை. வணக்கம்.