பிராண்டாக்குக்கு மூஞ்சி இருக்கா?

…அதுக்குன்னு கட்டடத்தையே ஒரு சுத்து சுத்திக்கிட்டா போவாரு ஒரு மனுஷன்? பாத்ரூம் இதோ, அந்தக் கதவுக்கு அந்தாண்ட இருக்கு. பத்தடி நடந்தா போதும். நடக்க மாட்டாரே! கணுக்கால்ல ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க, அந்தக் காலை இழுத்துக்கிட்டு கார் நிக்கிற இடம் பூரா சுத்தி அந்தப் பக்கமா போறாரு எங்க வீட்டுக்காரரு. ஏன்? இந்தப் பக்கமா போனா லோவலைத் தாண்டிப் போகணுமாம்! நீயே சொல்லு கண்ணு, இது… ஐயையோ, சொல்லாத சொல்லாத! வாயைத் தொறந்தா அந்தக் கோரைப்பல்லு கழண்டு விழுந்துடும். எதுல ஒட்டின அதை? பாவம், தண்ணி கூட குடிக்க முடியாதே. சரி, நீ தலையை மட்டும் ஆட்டு, நான் பேசறேன்.

இந்தப் பொம்மை ரசிகர் கூட்டத்துக்குன்னு போட்ட சதுப்பு ராணி வேஷம்தானே? நல்லாருக்கு, நல்லாருக்கு. பச்சை மட்டும் ஒரு பூச்சு தூக்கல். முதல்ல வந்த பொம்மையில கழுத்துக்குக் கீழ பச்சையே கிடையாது, சாம்பல்தான்… எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறியா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா! காதுல விழுந்ததுதான். இருபத்தி ரெண்டு வருஷமா விழுந்துக்கிட்டே இருந்தா செவிட்டுக் காதுக்கும் ஏறும்.

அங்க பாரு, வரிசையில நமக்கு முன்னாடி, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாருல்ல? முதுகைக் காட்டிக்கிட்டு? அவருதான் லோவல். டயர் கடை வெச்சிருக்காரு. இந்த ஃபோர்ட் வேன் ஊர்லயே எங்க வீட்டுக்காரரு வெர்னுக்கு இருந்த ஒரே சிநேகிதன். அவரும் திரும்பிப் பாக்க மாட்டாரு, இவரும் கூப்பிட மாட்டாரு. நடுவுல நான் ஒருத்தி, ரெண்டு காளைக்கு நடுவுல மாட்டின வைக்கப்போர் மாதிரி!

எதுக்குச் சண்டைன்னு கேக்கறியா? சொத்தா? நிலமா? இன்னும் வராத ஒரு சினிமாவுக்கும்மா! பிராண்டாக்குங்கற அந்த நாலு அங்குல பிளாஸ்டிக் பொம்மையை வெச்சு எடுக்கற சினிமா! அது வருது வருதுன்னு சொல்லியே என் தலை நரைச்சுப் போச்சு. எங்க கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறோம்… இந்த மனுஷன் சொல்றாரு, "கோரீன், பிராண்டாக் படம் ஜூன்ல வருது. கல்யாணத்தை ஜூலைக்கு வெச்சுக்குவோம். இல்லேன்னா கல்யாண வேலையில படம் போயிடும்." சரின்னேன். காதலிக்கிற காலம், எதுக்கும் சரின்னுதானே சொல்லுவோம்? படம் நவம்பருக்குப் போச்சு. கல்யாணமும் நவம்பருக்குப் போச்சு! அப்புறம் படத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டாங்க. எங்கம்மா வந்து நின்னாங்க. "இந்தாடி, அந்தப் பொம்மை வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பாதிரியாரு கண்ணை மூடறதுக்குள்ள மோதிரத்தை மாத்துங்க"ன்னாங்க. மாத்தியாச்சு. பொண்ணு பொறந்து, வளந்து, காலேஜுக்கும் போயிட்டா. படம்? அடுத்த கோடைக்கு வருதாம்!

ஆனா ஒண்ணு சொல்லணும். வராத படத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்னமா பேசுவாங்க தெரியுமா! வியாழக்கிழமை ஆனா போதும், லோவல் வந்துடுவாரு. எங்க வீட்டு பேஸ்மென்ட்ல ரெண்டு பழைய சோபா. நான் கறியும் பீன்ஸும் போட்டு வேகவெச்ச சில்லியும் சோள ரொட்டியும் கொண்டு போய் வெப்பேன். அந்தப் படத்தோட தயாரிப்பாளர் ஒருத்தன் இருக்கானே, மொட்டைத் தலை, அவன் காலையில தின்ன பலகாரத்தைப் படம் புடிச்சு இன்டர்நெட்ல போட்டிருக்கான். தட்டுல ரெண்டு முட்டை. அவ்வளவுதான். எங்க வெர்ன் துள்ளிக் குதிக்கிறாரு. "பாத்தியாடா லோவல், ரெண்டு முட்டை! பிராண்டாக்கோட ரெண்டு கேடயம்! ரெண்டு பாகமா எடுக்கறாங்கடா!" லோவல் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாக்கறாரு. "இல்ல வெர்ன், ஒரு மஞ்சக்கரு உடைஞ்சிருக்கு பாரு. அந்த வில்லன் மால்கிரிம் முதல் பாகத்துலயே சாவறான்." ராத்திரி பூரா இதே பேச்சு. அட பாவிங்களா, அவன் பசிக்குத் தின்னுட்டுப் போயிருப்பான்யா! சொன்னா கேப்பாங்களா?

இன்னொரு தடவை அந்த மொட்டைத் தலை தாடி வளத்தான். "படப்பிடிப்பு ஆரம்பிச்சிடுச்சு, சவரம் பண்ண நேரமில்ல"ன்னாரு வெர்ன். மறுவாரம் தாடியை எடுத்துட்டான். "படப்பிடிப்பு முடிஞ்சிடுச்சு"ன்னாரு லோவல். ஒரே வாரத்துல! ரெண்டு பேரும் கையைக் குலுக்கிக்கிட்டு பீர் குடிச்சாங்க. சிரிக்காத கண்ணு, பல்லு, பல்லு…

லோவலுக்கு சம்சாரம் தவறிப்போச்சு, மூணு வருஷம் ஆகுது. புள்ளகுட்டி கிடையாது. வாரத்துல ஆறு நாளு டயரோட பேசுவாரு. மனுஷங்களோட பேசறது வியாழக்கிழமை மட்டும்தான். நான் அதை நினைச்சுத்தான் சில்லியில எப்பவும் ஒரு ஆளுக்குக் கூடுதலாவே போடுவேன். மிச்சத்தை டப்பால கட்டிக் குடுத்தா, "எதுக்கு கோரீன்"னுதான் சொல்லுவாரு. ஆனா கை நீட்டி வாங்கிக்குவாரு.

அதெல்லாம் போன அக்டோபரோட சரி. அன்னிக்கு நடந்ததைக் கேளு. அந்த பிராண்டாக் பொம்மைக்கு ஹெல்மெட் கழட்ட வராதுல்ல? உனக்குத் தெரியும். ஒட்டியே செஞ்சிருக்கான். உள்ள மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் ரொட்டித் தட்டோட படியிறங்கி வர்றேன். ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க. நான் சும்மா, வாய் இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டேன். "ஏங்க, படத்துல அவன் ஹெல்மெட்டைக் கழட்டுவானா, கழட்ட மாட்டானா?"

இவ்வளவுதான் கேட்டேன்! இதுல என்ன தப்பு? தட்டை வெச்சுட்டு மேல வந்துட்டேன். நான் பாத்திரம் தேய்க்கிறேன், கீழ சத்தம் ஏறுது. "கழட்டினா அவன் பிராண்டாக்கே இல்ல!"ன்னு இவரு. "அத்தனை பெரிய நடிகனைப் போட்டு, மூஞ்சியை மூடியா வெப்பான்?"னு அவரு. "நீ காசு பக்கம் பேசற, துரோகி!" "நீ ஏழு வயசுலயே நின்னுட்டடா, வெர்ன்!" அப்புறம் கதவு அடிச்ச அடியில சமையல்கட்டு ஜன்னல் அதிர்ந்துச்சு. எட்டிப் பாத்தா, லோவல் வண்டி தெருமுனையில திரும்புது. சில்லி டப்பா மேசை மேலயே இருக்கு.

சரி, அடுத்த வியாழன் வருவாருன்னு பாத்தேன். வரல. நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வருஷா வருஷம் எங்க வீட்டுலதான் வான்கோழி தின்பாரு. வரல. நான் போன் பண்ணா, "கடையில வேலை, கோரீன்"னாரு. தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு எவன் டயர் மாத்துவான்? இவரு கிட்ட சொன்னா, "அவன்தான் முதல்ல கூப்பிடணும்"னு டிவியைப் பாக்கறாரு. டிவி போடவே இல்ல!

ஜனவரியில ஐஸ்ல வழுக்கி விழுந்து இவரு கணுக்காலை உடைச்சுக்கிட்டாரு. அந்த வாரம் முழங்கால் வரைக்கும் பனி. நான் எழுந்து பாக்கறேன், வாசல்லேந்து தெரு வரைக்கும் பனியை யாரோ சுத்தமா வாரி ஒதுக்கியிருக்காங்க. மறுநாளும் அப்படியே. மூணாவது நாள் விடியக்காலையில திரைச்சீலையை விலக்கிப் பாத்தேன். சிவப்புத் தொப்பி! மூக்குல தண்ணி ஒழுக ஒழுக வாரிக்கிட்டு இருக்காரு. கதவைத் தொறக்கறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டாரு. இவரு என் பின்னாடியே கட்டையை ஊனிக்கிட்டு வந்து நின்னு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. நான் நினைச்சேன், ஆச்சு, இன்னிக்கு போன் பண்ணிடுவாருன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? "ஓரத்துல சரியா வாரலை." இந்த மனுஷனை என்ன பண்றது!

நானும் விடலையே. சோள ரொட்டி சுட்டு வாசல்ல வெச்சேன். மறுநாள் தட்டு இருந்துச்சு, கழுவித் துடைச்சு. ஒரு சீட்டு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ஊமைங்க மாதிரி ஒரு குளிர்காலமே போச்சு. பேஸ்மென்ட்ல இவரு மட்டும் தனியா உக்காந்து, அந்த மொட்டைத் தலை போட்ட படத்தை எல்லாம் பாத்துக்கிட்டு, பக்கத்து சோபாவைப் பாத்து "பாத்தியாடா"ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்குவாரு. நான் படியில நின்னு கேட்டிருக்கேன். மனசு கேக்குமா?

அதான் இன்னிக்கு இங்க இழுத்துக்கிட்டு வந்தேன். படத்துலேந்து ஒரு துண்டு காட்டப் போறாங்களாமே! லோவல் எப்படியும் வருவாரு, ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தா… ஆனா இப்ப பயமா இருக்கு கண்ணு. திரையில அவன் ஹெல்மெட்டைக் கழட்டினா லோவல் ஜெயிச்சாரு, இவரு சாகற வரைக்கும் பேச மாட்டாரு. கழட்டலைன்னா இவரு ஜெயிச்சாரு, அவரு ஊரை விட்டே… இரு இரு, கதவு தொறக்கறாங்க. யாரோ நாற்காலி மேல ஏறறான். கையில ஒலிபெருக்கி. மூஞ்சியே சரியில்லையே… என்ன சொல்றான்? உஷ்! கேக்க விடுங்கய்யா!

என்னது? துண்டு கிடையாதா? டைரக்டர் விட்டுட்டுப் போயிட்டானா? கருத்து வேறுபாடா? படம்… இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சா! அடப்பாவிங்களா, இதைச் சொல்லவா இத்தனை பேரை நிக்க வெச்சீங்க? கேளு, ஜனங்க கத்தறதை! மால்கிரிம் வேஷம் போட்ட அந்தக் குண்டன் கேவிக் கேவி அழறான் பாரு…

லோவல்! லோவல் திரும்பறாரு! யாரையோ தேடறாரு. அதோ எங்க ஆளு, நொண்டி நொண்டி ஓடி வர்றாரு, விழுந்து தொலையப் போறாரு! "கேட்டியாடா வெர்ன்!"னு கத்தறாரு லோவல். "கேட்டேன்டா! அன்னிக்கே சொல்லல நான், அவன் தாடியை எடுத்தப்பவே?" "சொன்னடா, சொன்ன!" எங்க சொன்னாரு? ஒருத்தரும் சொல்லல, விடு! தோள்ல கையைப் போட்டுக்கிட்டாங்க! அந்த மொட்டைத் தலையை ரெண்டு பேரும் சேந்து என்ன திட்டு திட்டறாங்க, கேளு… இதெல்லாம் நீ கேக்காத, சின்னப் பொண்ணு. ஆறு மாசம்மா! ஆறு மாசமா நான் கெஞ்சி நடக்காதது, ஒரு நிமிஷத்துல நடந்துடுச்சே.

எனக்கு என்னமோ கண்ணுல தண்ணி வருது. கர்த்தரே, இந்தப் படம் வரவே வேண்டாம். வந்து தொலைஞ்சா அப்புறம் இவங்க எதைப் பத்திப் பேசுவாங்க?

இங்க வாங்க ரெண்டு பேரும்! லோவல், இளைச்சுப் போயிட்டீங்களே! வியாழக்கிழமை வரைக்கும் எல்லாம் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே வீட்டுக்கு வாங்க, சில்லி வைக்கிறேன். என்ன பேசிக்கிட்டு வர்றீங்க? அடுத்த டைரக்டர் யாருன்னா? ஆரம்பிச்சாச்சா! நல்லது, நல்லது. பேசுங்க. நான் குறுக்க ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்கென்ன தெரியும்?

ஆனா ஒண்ணு கேக்கறேன்… இத்தனை வருஷமா ஆம்பளை டைரக்டராவே மாத்தி மாத்திப் போட்டாங்களே, ஒரு பொம்பளையைப் போட்டா என்ன? இந்நேரம் படத்தை முடிச்சு, பாத்திரத்தையும் கழுவிக் கவுத்திருப்பா.

ஏன், ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பாக்கறீங்க? என்ன லோவல், "அதுவும் சரிதான்"ங்கறீங்க? வெர்ன், நீங்க ஏன் முடியாதுன்னு தலையை ஆட்டறீங்க? ஐயோ, கத்தாதீங்க! மெதுவா! நான் சும்மாதானே கேட்டேன்! நீயாவது சொல்லு கண்ணு, நான் என்ன தப்பா…

எங்க போயிட்டா இவ?