உள்பக்கக் காவல்

கேட்டீங்கல்ல, சொல்றேம்மா. அதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. அப்பா கடைசில எப்படிப் போனாரு, கஷ்டப்பட்டாரா, அதானே? சொல்றேன். முதல்ல மூச்சு வாங்கிக்கோங்க, முப்பத்தாறு படி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். அப்பா உக்கார்றது அது. இந்த பெஞ்சுல உக்காருங்க.

இந்த ஹாலுக்கு எங்க சங்கம் வந்து எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கீழ அச்சாபீஸ், மேல நாங்க. எங்களை மாதிரி ரகசியச் சங்கம் கூடுற இடத்துக்கு லாட்ஜுன்னுதான் பேரு. மேசன் லாட்ஜுன்னு போர்டு மாட்டினதுல ஒரு தொல்லை, வெளியூர்க்காரங்க பெட்டியோட படியேறி வந்து ரூம் காலியா இருக்கான்னு கேப்பாங்க. இங்க பாத்தா உங்கப்பா சடங்குக் காவலுக்குக் கையில வாளோட உக்காந்திருப்பாரு. எத்தனை பேரு பெட்டியப் போட்டுட்டு ஓடியிருக்காங்க தெரியுமா. சிரிங்க, பரவால்ல. உள்ள ஆட்டை வெட்டுறாங்கன்னு தெருவுல வேற பேச்சு. நாங்க வெட்டுனதெல்லாம் கேக்குதான்.

உங்கப்பா தையல்காரரு, நான் தராசு ரிப்பேர் பண்றவன். டாக்டரு, பேங்க் மேனேஜரு எல்லாம் உண்டு. ஆனா கதவைச் சாத்திட்டா எல்லாரும் சகோதரர்தான். யாருக்காச்சும் உடம்பு முடியலன்னா முறை போட்டு ஆஸ்பத்திரில துணைக்குப் படுத்துக்குவோம். எங்க வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆனப்போ உங்கப்பாதான் மூணு நாள் வராண்டாவுல கிடந்தாரு. அண்ணன்னுதான் நான் கூப்பிடுவேன். கூடப் பொறந்தவங்க யாரும் எனக்கு அப்படிச் செஞ்சதில்ல.

கதவுக்கு வெளிய அவரு காவல், உள்பக்கம் நான். கூட்டம் ஆரம்பிச்சா உள்ளேருந்து பூட்டிடணும். அப்புறம் யாராச்சும் வரணும்னா வெளியேருந்து மூணு தட்டு, விட்டு விட்டு, நிதானமா. அது சரியா வந்தாத்தான் திறக்கணும். ஒருதடவை அவரு ரெண்டுதான் தட்டினாரு. அண்ணன்தானேன்னு திறந்துட்டேன். எல்லார் முன்னாடியும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. நானே தட்டினாலும் தப்பாத் தட்டினா திறக்காதடா, இல்லன்னா நீ எதுக்கு அங்க நிக்கிறன்னாரு. எனக்கு மூஞ்சியே செத்துப் போச்சு.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இது. சனிக்கிழமை மத்தியானம். புதுசா ஒருத்தரைச் சேர்க்குற சடங்கு, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முடிச்சிட்டுக் கதவைத் தள்ளினா நகரல. உங்கப்பா அதுல சாஞ்சு கிடந்தாரு. டாக்டரு தொட்டுப் பாத்துட்டு, நெஞ்சு நின்னு பட்டுனு போயிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னாரு. அதைத்தான் உங்கம்மாகிட்டயும் வந்து சொன்னோம்.

இல்ல, எனக்குத் தண்ணி வேணாம். நீங்க குடிங்க.

எங்க வீட்டுல யாரும் கதவைத் தட்டக் கூடாதும்மா. பெல் வச்சிருக்கேன். கரண்ட் இல்லன்னா பேரச் சொல்லிக் கூப்பிடணும். பேரப் பசங்களுக்கெல்லாம் அது பழகிடுச்சு. அப்பவும் எனக்குக் கேக்குது. குளிக்கும்போது, கடையில எடைக்கல்லைத் தட்டுல வைக்கும்போது. எழுந்து போய்த் திறந்து பாக்குறேன், யாரும் இல்ல. பதினொரு வருஷமா திறந்து திறந்து பாக்குறேன். பயமாத்தான் இருக்கு.

என்னம்மா? ஆமா, டாக்டரு அப்படித்தான் சொன்னாரு. அவருக்கு எப்படித் தெரியும், அவரு முன்வரிசையில உக்காந்து சடங்கைப் பாத்துக்கிட்டிருந்தாரு. கதவுகிட்ட நின்னது நான் ஒருத்தன்தான்.

பட்டுனு போகலம்மா. தட்டினாரு. முதல்ல ஒண்ணு. அப்புறம் தடதடன்னு நாலஞ்சு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கீழ, என் முட்டி உயரத்துல ஒண்ணு. அண்ணன் என்னைச் சோதிச்சுப் பாக்குறாரு, இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு நெனச்சேன். தலைவரு அங்கேருந்து என்ன சத்தம்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.