பூஜ்யத்தை நம்பாத காய்ச்சலக்கா

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, சக மருத்துவர்களே, செவிலியர்களே, வாரத்தில் மூன்று நாள் எங்கள் பிரிவில் நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டு இன்று எங்களுக்காக நாற்காலியில் அமர்ந்திருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் தலைமைச் செவிலியரின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தொற்றுத் தடுப்புத் தலைமைச் செவிலியர் மறைந்து இன்றோடு ஒன்பது நாட்கள். மாரடைப்பு. இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுது பேச எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவரைப் பதவிப் பெயரால் அழைத்தவர் யார்? காய்ச்சலக்கா! அதுதான் பெயர். வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "குளிர் எடுத்துச்சா? காய்ச்சல் அடிச்சுச்சா? குழாய் போட்ட இடத்துல வலி இருக்கா?" என்று கேட்டுவிடுவார். "நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று நம் நோயாளிகளில் ஒருவரான தையல்காரர் ஒருநாள் கோபித்துக்கொண்டார். "அதைத்தானேய்யா இவ்வளவு நேரமா கேட்டேன்!" என்றார் அக்கா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் எங்கள் பிரிவுக்கு வந்தபோது சுவரில் ஒரு பலகை இருந்தது. டயாலிசிஸுக்காகப் போட்ட கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியவர்கள் மாதத்துக்கு எத்தனை பேர் என்று எழுதும் பலகை. பதினோரு மாதமாகப் பூஜ்யம்! பன்னிரண்டாவது மாதமும் பூஜ்யம் என்றால் எங்கள் பிரிவுக்குக் கேடயம். அதை வைக்க, பிரிவின் தலைமை மருத்துவரான என் அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி. மெஷினில் போட்ட அரை மணி நேரத்தில் தையல்காரருக்குக் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "ஆன்டிபயாட்டிக் போடுங்க" என்றேன்.

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துக்கறேன். ரெண்டே நிமிஷம்."

"மொதல்ல மருந்து. ரத்தம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

"மருந்து போட்டுட்டு நாளைக்கு எடுத்தா, கிருமி ஒண்ணும் வளராது சார்."

பேசிக்கொண்டே எடுத்துவிட்டார். ஆய்வகத்தில் அந்த ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. நான் சொன்ன மருந்து அந்தக் கிருமியிடம் செல்லாது என்பதும் தெரிந்தது. மருந்தை மாற்றினோம், குழாயை எடுத்தோம். தையல்காரர் பிழைத்தார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

அதோடு விட்டாரா? விடவில்லை! பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். அந்தப் பதினோரு மாதத்தில் ஏழு பேருக்குக் குளிர்காய்ச்சல் வந்திருந்தது. ஏழு பேருக்கும் முதலில் மருந்து, மறுநாள் ரத்தம். கிருமி எங்கிருந்து வளரும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்பார்கள். அந்தப் பூனை நான்தான். அந்த ஏழு பேரில் இருவர் பிற்பாடு இறந்துபோனார்கள். தொற்றாலா, வேறு எதனாலா? பலகையில் காய்ச்சல் வந்த மாதங்களின் பூஜ்யங்களை அழித்துவிட்டு அவர் எழுதிய சொல்தான் அதற்கும் பதில்: 'தெரியாது.'

கேடயம் வரவில்லை. அடுத்த வாரம் முழுவதும் ஒரு தாளோடு என் பின்னாலேயே சுற்றினார். சனிக்கிழமை அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் இருந்தது. 'கை கழுவாமல், கையுறை இல்லாமல், நோயாளியின் கழுத்துக் கட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்தவர்: தலைமை மருத்துவர், நான்கு முறை.' எனக்கு ஆத்திரம். அவரை வேறு வார்டுக்கு மாற்றும்படி கடிதம் எழுதினேன். ஆம், எழுதினேன்! இங்கே பலருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை என் எதிரே வந்து நின்றார்.

"மாத்துங்க சார், போறேன். அதுவரைக்கும் கையக் கழுவிட்டு வாங்க."

கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, வெட்கம்.

பிறகு பலகையில் உண்மையான எண்கள் வந்தன. முதல் ஆண்டு ஒன்பது. அடுத்த ஆண்டு நான்கு. சென்ற ஆண்டு இரண்டு. குழாய் மூடியைத் துடைத்தபின் ஸ்பிரிட் காயும் வரை காத்திருக்க வைத்தது யார்? "இவருக்குக் கழுத்துக் குழாய் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று தினம் கேட்டு என்னை அரித்தெடுத்தது யார்? காய்ச்சலக்கா! காய்ச்சலக்கா!

எண்ணிக்கைதான் குறைந்துவிட்டதே, அந்த இடத்துக்குத் தனி ஆள் எதற்கு என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. தலைவர் அவர்களே, பார்க்க ஓர் ஆள் இருந்ததால் குறைந்தது. ஆள் இல்லாவிட்டால் மறுபடியும் பூஜ்யம் வரும். அந்தப் பூஜ்யத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆள் வரும் வரை பணி நிற்காது என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன். மருந்துக்கு முன் ரத்தம் எடுப்பது என் பொறுப்பு. ஆனால் என்னைக் கண்காணிப்பதை என்னிடமே விடக் கூடாது. தையல்காரரே, நாளை முதல் அந்தத் தாளை நீங்கள் பிடியுங்கள். படுத்தபடியே பார்க்கலாம். கை கழுவாமல் நான் எந்தக் கட்டிலருகே போனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லுங்கள்.