இடது கன்னத்துக்கு ஒரு பிரஷ்

– கண்ணை மூடுங்க.

– மூடிட்டேன்.

– இடது கண்ணு லேசா திறந்திருக்கு.

– அது அவ்வளவுதான் மூடும். முகம் ஒரு பக்கமா கோணிப்போனதுலேருந்து அது தனிக்காட்டு ராஜா. யார் பேச்சையும் கேக்காது.

– நேத்து ராத்திரி ரெண்டையும் மூடிக்கிட்டுத்தான் குறட்டை விட்டீங்க... துண்டை நல்லா போர்த்திக்கங்க. சோப்பு கிடையாது, தண்ணியும் கிடையாது. ஈரம் பட்டா கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். இந்த ரெண்டு ஷேவிங் பிரஷ்ல ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை இன்னிக்கே கொடுத்துடணும்.

– பழைய பிரஷ்ஷுக்கு என்ன கேடு?

– முடி கொட்டுது. உங்களுக்குப் போட்டியா.

– ம்... சிரிச்சா வாய் இழுத்துக்கும்னு தெரிஞ்சே சிரிக்க வைக்கிற.

– எங்கே இழுக்குது? நேராத்தான் இருக்கு. சரி, முதல்ல வலது கன்னம். இது எப்படி?

– ஆஹா... மெத்துன்னு இருக்கு. நுனியெல்லாம் ஒண்ணா சாயுது.

– இது?

– இது விறைப்பு. நாம தள்ளினா அது திருப்பித் தள்ளுது. இதுதான் பிரஷ்! ரெண்டும் ஒரே முடியா?

– ரெண்டும் பேட்ஜர் முடிதானாம். வெள்ளை நுனி வச்சது மெத்து. மரக் கைப்பிடி போட்ட கறுப்பு, முரடு.

– பேட்ஜர்னா?

– வளை தோண்டிக் குடியிருக்கிற பிராணியாம். கீரி மாதிரியா, கரடி மாதிரியான்னு கேட்டேன். கடைக்காரரே அது முகத்தைப் பார்த்ததில்லையாம்.

– பாவம். முடியையும் கொடுத்துட்டு, தினம் என் மூஞ்சில முழிக்கணும்னு அதுக்குத் தலையெழுத்து.

– எனக்கு வெள்ளை நுனிதான் பிடிச்சிருக்கு. என் கன்னத்துல வச்சுப் பார்த்தேன், பூ மாதிரி இருக்கு.

– உனக்கென்ன தாடியா முளைக்குது? மெத்துன்னு இருக்கறது ஈரம் பட்டா சுருண்டு படுத்துக்கும். விறைப்பா இருந்தாத்தான் முடியை எழுப்பி நிறுத்தும். கடை போர்டு எழுதறவன்கிட்ட வந்து பிரஷ் பத்திப் பேசறா...

– சரி சாமி. இப்ப மரத்துப்போன இடது கன்னம். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? எது மெத்து, எது முரடுன்னு இது பிரிச்சுச் சொல்லிட்டா, நீங்களே ரேஸரை எடுத்துக்கலாம். அதுவரைக்கும் நான்தான் ஷேவ் பண்ணி விடணும்.

– மறக்குமா? கன்னத்தை வெட்டிக்கிட்டதே தெரியாம, சட்டையெல்லாம் ரத்தத்தோட வந்து உன்கிட்ட டீ கேட்டேனே.

– சரி, இது எப்படி?

– எது?

– வச்சிருக்கேன்.

– வச்சுட்டியா? ஒண்ணும் தெரியலையே.

– இது?

– ம்ஹூம். செவுத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான். செவுத்துக்கு என்ன தெரியும்?

– கொஞ்சம்கூடவா?

– கொஞ்சம்கூட இல்ல. இன்னும் கொஞ்ச நாள் நீதான் கஷ்டப்படணும். எனக்கே சங்கடமா இருக்கு...

– சங்கடப்படற முகமா இது? சரி, சாயங்காலம் டாக்டர்கிட்ட சொல்லிடலாம். இன்னமும் உணர்ச்சி வரலைன்னா கன்னத்துல கரண்ட் வைக்கிறேன்னாரு.

– கரண்டா?

– லேசாத்தானாம். ஊசி குத்தற மாதிரி சுருக் சுருக்னு.

– ...வைக்கட்டும். அதுதான் எதுவும் தெரியப் போறதில்லையே.

– ஓஹோ. அப்ப பிரஷ்ஷை முடிவு பண்ணுவோம், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. துண்டு நுனியை அந்த இடது கண்ணு மேலயும் போட்டுடறேன், கண்ணைத் திறக்காதீங்க. இந்தப் பக்கம்தான் உங்களுக்குத் தெரியாதே, நானே இடது கன்னத்துல தேச்சுப் பார்த்து சொல்றேன். இது வெள்ளை நுனி... பரவாயில்லையே, நல்லா விறைப்பாத்தான் நிக்குது.

– விறைப்பாவா?

– ஆமா. இப்ப மரக் கைப்பிடி... சே! தொளதொளன்னு வளையுது. இதைத் திருப்பிக் கொடுத்துடறேன்.

– ஏய், ஏய்! கையில இருக்கறதை நல்லா பாருடி. முதல்ல தேச்சியே, அதுதான் மரக் கைப்பிடி. இப்ப வச்சிருக்கறது வெள்ளை நுனி. மாத்திக் கொடுத்துட்டு வந்து நிக்காதே!

– எப்படித் தெரிஞ்சுது?

– எப்படியா? இத்தனை வருஷமா பிரஷ் பிடிச்சு சோறு திங்கறேன். எது என்னன்னு தெரியாதா?

– கண்ணு மூடியிருக்கே.

– கண்ணு எதுக்கு? அதுதான் கன்னத்துலயே...

– எந்தக் கன்னத்துல?

– உனக்கு பஸ் போயிடப் போகுது.

– போகட்டும். எப்பலேருந்து?

– மழை ஆரம்பிச்சப்ப.

– மழை விட்டே நாளாச்சு!

– ஆச்சு.

– ஏங்க, வேணும்னே யாராவது மரத்துப்போன கன்னத்தோட இருப்பாங்களா?

– நீ எப்ப என் பக்கத்துல இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க? விடிஞ்சா நீ பிரிண்டிங் பிரஸ் வேலைக்கு ஓடுவே, நான் ஏணியைத் தூக்கிட்டு ஓடுவேன். ராத்திரி தட்டைப் பார்த்துக்கிட்டே ரெண்டு வார்த்தை. இப்ப தினம் என் தாடையைப் பிடிச்சுக்கிட்டு, நாக்கு நுனியைக் கடிச்சுக்கிட்டு, மூச்சுக்கூட விடாம... எனக்கு அது பிடிச்சுப் போச்சு. அவ்வளவுதான்.

– அதுக்காக கரண்ட்கூட வச்சுக்குவீங்களா?

– பல்லைக் கடிச்சுக்கலாம்னு நினைச்சேன்.

– நல்லா நினைச்சீங்க!

– சரி... கையும் களவுமா பிடிச்சுட்டே. ரேஸரைக் கொடு. இனிமே நானே பார்த்துக்கறேன், நீ கிளம்பு.

– கையை எடுங்க முதல்ல. பெரிய கள்ளன்னு நினைப்பு. இந்தக் காதோரம் பிரஷ் வந்தா உங்க கால் கட்டைவிரல் மடங்குது. அது மடங்க ஆரம்பிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். டாக்டர் கரண்ட்னு சொல்லலேன்னா இன்னிக்கும் கேட்டிருக்க மாட்டேன். சாயங்காலம் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. நம்ம வீட்டுல மட்டும் இந்தக் கன்னம் இன்னும் மரத்தேதான் இருக்கு... ம், தாடையைத் தூக்குங்க.