ஒன்பதாம் நம்பர் ஸ்பாஞ்சு

"அலோ… ஆங், நான்தான் பாப்பா, சவுரிராயன்… கரன்ட்டா, இருக்குது, இருக்குது… ஏர் பம்ப்பா… அத நிறுத்திட்டேன். இனிமே அதுக்கு வேல இல்ல."

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் லேபில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர் சவுரிராயன். மறுமுனையில் கலைப்பிரியா, அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். விழுப்புரத்து மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, நம்பர் கட்டி, ஓமந்தூர்ப் பக்கத்து ஏரியில் மூன்று வாரம் மிதக்க விட்டவள். நேற்று சாயங்காலம்தான் அவற்றை ஏரித் தண்ணீரோடு ஜாடிகளில் கொண்டுவந்து வைத்தாள். ஆயுத பூஜைக்கு டிராக்டர் கழுவ அப்பா கூப்பிட்டார் என்று திருவெண்ணெய்நல்லூருக்குப் பஸ் ஏறினாள். போகும்போது பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவரும் பார்த்துக்கொண்டார்.

"இரு, சொல்றேன்… பூஜ நல்லபடியா முடிஞ்சிது பாப்பா. மைக்ராஸ்கோப்புக்கு எல்லாம் பொட்டு. எலும்புக்கூட்டுக்கு நெத்தியில பெருசா ஒண்ணு… நான் வேதக்காரன்தான், மாதா கோயிலுக்குப் போறவன்தான், அதுக்கு இன்னா, வருசா வருசம் இந்த லேபுக்கு நான்தானே வைக்கிறேன்… ஆமா… ஆமா, உன் ஸ்பாஞ்சுக்கும்தான். விட்டுடுவனா… ச்சே ச்சே, அழுக்கு மேலயா வைப்பேன். கழுவிட்டுதான் வச்சேன்… அலோ… பாப்பா…"

சிக்னல் இல்லையென்று ஜன்னலோரம் போனார். சிக்னல் முழுசாக இருந்தது.

"கேக்குது, கேக்குது… சோப்பு போட்டேன், போவல. பழுப்பா வழவழன்னு, இன்னா அழுக்குன்ற. அப்பறம் பிளீச்சிங் பவுடர்ல ஊற வச்சு மூணு தண்ணி அலசினேன். இப்ப கடையில வாங்கினாப்புல இருக்குது… பிழிஞ்ச தண்ணியா. வாழைக்கு ஊத்தலாம்னு பாத்தேன், பிளீச்சிங் மரத்துக்கு ஆவாதேன்னு சிங்க்ல ஊத்திட்டேன்… இன்னா… அழுக்கு இல்லயா… அப்ப அது இன்னா… டிராக்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, தள்ளி வந்து சொல்லு… உசிரா… ஸ்பாஞ்சுக்குள்ளயா… ஆமா, பொந்து பொந்தா இருந்துச்சு… குடியிருந்துச்சா… ஆமா… ஆமா."

சவுரிராயன் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே அலமாரியில் ஸ்பாஞ்சுகள் மஞ்சள் குங்குமத்தோடு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி, வரிசையாக இருந்தன.

"மறுபடி கட்டலாம்ல… மழையா… ஆமா, அடுத்த வாரம் புடிச்சிக்கும்… ஏரி ரொம்பிட்டா வேற தண்ணி… ஆமா. மார்ச்சுல உன் கைடு சாரு ரிட்டையர் ஆவறாரு, அதுக்குள்ள நீ முடிக்கணும்… தெரியும் பாப்பா. போன வருசம் கட்டினத மீன் புடிக்கறவனுங்க அறுத்துக்கினு பூட்டானுங்க… தெரியும்… திட்டு பாப்பா. நல்லா திட்டு. நீ திட்டாம இருக்கறியே, அதான் பேஜாரா இருக்குது… இன்னா… பன்னெண்டும் இல்ல, பதினொண்ணுதான். ஒம்போதாம் நம்பர கழுவல, ஜாடியிலயே கெடக்குது… அதுல மொளகு சைஸுக்கு ஒரு நத்த இருந்துச்சு. உசிரு உள்ளத எப்படி பாப்பா பிளீச்சிங்ல போடறது, அதுவும் பூஜ அன்னிக்கி… ஓடறேன், ஓடறேன்… போட்டுட்டேன். பம்ப்பு ஓடுது, ஜாடியில காத்து முட்ட முட்டயா வருது… காலைல பதினோரு மணிக்கு நிறுத்தினது… உசிரோட இருக்குதான்னு பாக்கணுமா. நானா… பூஜையில வச்ச மைக்ராஸ்கோப்ப இன்னிக்கி எடுக்கக் கூடாதே பாப்பா… சரி. சரி, எடுக்கறேன்."

இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பைத் துடைத்திருக்கிறார், சுமந்திருக்கிறார், உறை போட்டு மூடியிருக்கிறார். நீயும் ஒரு தடவை கண் வைத்துப் பாரேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் நம்பரின் ஓரத்தை மெல்லப் பிழிந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டார்.

"மங்கலா இருக்குது… திருப்பறேன்… இன்னும் கொஞ்சமா… ஆங்… … இன்னா கூட்டம் பாப்பா… ஓடுது. எல்லாம் ஓடுது. செருப்பு மாதிரி ஒண்ணு திரும்பித் திரும்பிப் போய்க்கினே இருக்குது. மணி மாதிரி ஒண்ணு, காம்புல நின்னுக்கினு சுருங்குது, விரியுது… உசிரோடதான் இருக்குது… அழுவாத… இத நடுவுல வச்சு, சுத்தி புது ஸ்பாஞ்சு வச்சா, தானா போய்க் குடியேறுமா… அதுவும் ஒரு ஆராய்ச்சிதானா… அப்ப மார்ச்சுக்குள்ள… பாக்கலாம்ன்றியா. சரி. நீ ஜல்தி பஸ்ஸ புடி, நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கறேன்."

பேசி முடித்தும் அவர் கண்ணை எடுக்கவில்லை. செருப்பு ஒரு மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு, திரும்பி, வந்த வழியே போனது.

"பாப்பா, வச்சிடாத. ஒண்ணு கேக்கணும்… கழுவின பதினொண்ணுலயும் இப்படித்தான் இருந்துச்சா… ம்… இவ்ளோவா… ம்… மொத்தமா எத்தினி இருந்திருக்கும்… தோராயமா சொல்லேன்… இல்ல, சும்மா கேக்கல. ஞாயித்துக்கெழம கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும், செஞ்ச பாவத்தயெல்லாம் சொல்லணும். பண்ணது எத்தினின்னு சாமியார் கேப்பாரு… லட்சமா… அதுக்கும் மேலயா… ம்… சரி, கோடின்னே சொல்லிடறேன்… அலோ… பாப்பா… அலோ…"