கறுத்தா தூக்கிப் போடு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, எதிரே விசிறிக் காற்று எட்டாத இடத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்களே, எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கிய தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துப் பெருமக்களே! எல்லாருக்கும் வணக்கம்.

நான் மைதீன். தோல் மருத்துவர் இராமலட்சுமி அம்மையாரின் கிளினிக்குக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவன். என் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் மாடியில் எழுதுவார், நான் கீழே எடுத்துக் கொடுப்பேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மாவைச் சாந்த சொரூபி என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை! முகம் வெளுக்கும் என்று கண்ட களிம்பை வாங்கிப் பூசிவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சாந்தத்தைச் சொல்வார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பத்து வயது குறையும் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அவர் படியிறங்கி வந்த வேகத்தில் ஒரு செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டார். பிறகு நான்தான் ஏறிப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

எதற்குச் சொல்கிறேன்? அவர் மருந்தை மந்திரம் என்று சொன்னதே இல்லை. வெயிலுக்குக் குடை பிடி, முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடு, அதற்குத் துணையாக வைட்டமின் சி சீரம் நாலு சொட்டுத் தடவு. இவ்வளவுதான். சுருக்கம் ஓடிப் போகும் என்று சொல்ல மாட்டார், விழுவது கொஞ்சம் மெதுவாக விழும் என்பார். இப்படிச் சொல்லுகிற டாக்டரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முன் வரிசையில், தூணோரம், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறாரே, பண்பொழி சுடலைக்கண்ணு அண்ணாச்சி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டு, "எம் பேச்சுதான் அந்த மகராசியக் கொன்னுட்டு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி, இந்த மைக்கை நான் கேட்டு வாங்கியதே உங்களுக்காகத்தான். எல்லார் முன்னாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியின் மகள் இசக்கிச்செல்வியும் போலீஸ்தான். ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் குற்றாலத்து ரோட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்கு பண்ணிய பிள்ளைக்கு, இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்துவிட்டது. பங்குனியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வாசுதேவநல்லூர், ராணுவம். தை மாதத்தில் அப்பா, அம்மா, மகள் மூவருமாக டாக்டரம்மாவிடம் வந்தார்கள். இது ஆன்டி ஆக்சிடன்ட் என்று அம்மையார் சீரத்தைக் காட்டினார். நம் ஏட்டையாவுக்குக் காதில் விழுந்தது போலீஸ் வார்த்தை. "ஆக்சிடென்ட்டுக்கு மருந்தா? எம் மவளுக்கு ஆக்சிடென்ட் ஒண்ணும் ஆவலையே டாக்டரம்மா" என்றார். மாடியில் எழுந்த சிரிப்பு கீழே என் கடைக்குக் கேட்டது.

அப்புறம் அம்மையார் தன் வழக்கமான பாடத்தை எடுத்தார். அதை இங்கே பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். "வாழைப்பூவ ஆய்ஞ்சு அப்படியே வச்சா கறுத்துப் போவும். மோர்ல போட்டா கறுக்காதுல்லா? வெயிலும் புகையும் நம்ம தோலையும் அப்படித்தான் கெடுக்குது. இந்த மருந்து, மோருன்னு வச்சுக்கிடுங்க. அது தன்னக் கெடுத்துக்கிட்டு ஒங்க மூஞ்சியக் காப்பாத்துது." இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? மூவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சில வாரம் போயிருக்கும். ஒரு காலை, அண்ணாச்சி மகளை இழுத்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் முகம் செக்கச் செவேலென்று தடித்து, அங்கங்கே மஞ்சள் கறை பிடித்தது போல் இருந்தது. நிச்சயத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. பெற்றவர் மனசு என்ன பாடுபடும்? நோயாளிகள் நிறைந்த கூடத்தில் நின்று, "எம் மவ மூஞ்சிய என்ன செஞ்சு வச்சிருக்கிய? ஒங்களுக்கு எதுக்கு இந்த போர்டு?" என்று கத்தினார். கலெக்டர் வரைக்கும் போவேன் என்றார். கீழே இறங்கி வந்து, பாய், நீரும் கூட்டா என்று என்னையும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

ஊர் வாய்க்குப் பூட்டு ஏது? டாக்டரம்மா மருந்தில் ஏதோ கலப்படமாம் என்று தென்காசி முழுக்கப் பேச்சு. மாடிப்படியில் செருப்புகள் குறைந்தன. அதற்கெல்லாம் அவர் கவலைப்படவில்லை. ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "எம் மருந்தாலயா பாய்? ஒரு பிள்ள மூஞ்சி எம் மருந்தாலயா போச்சு?" அதே சரக்கு வாங்கிய மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது அவருக்குப் போதவில்லை. நாமே பண்பொழிக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். உடம்பு தாங்காது என்று சொன்னதற்குத் திட்டுத்தான் கிடைத்தது.

போனோம். அண்ணாச்சி வீட்டில் இல்லை. அவர் மனைவி தங்கத்தாய்தான் இருந்தார். சீரம் பாட்டிலைக் காட்டுங்கள் என்றதும், அந்த அம்மாள் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். ஆமாம், மொட்டை மாடிக்கு! அங்கே மோர்மிளகாய் காய்கிற தட்டுக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் மருந்து.

குற்றாலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூலிகை எண்ணெயை வெயிலில் வைத்துக் கறுக்கக் கறுக்கத்தான் பக்குவம் என்று நம்புகிற ஊர் நம்முடையது. வெளுத்த எண்ணெயைக் கடையில் யாராவது கையால் தொடுவோமா? தங்கத்தாயும் அதைத்தான் செய்திருக்கிறார். "தண்ணி மாதிரி பக்குவமில்லாமப் பச்சையா இருந்துச்சு டாக்டரம்மா. நெறம் தெரியட்டும்னு வெள்ளக் குப்பில மாத்தி வெயில்ல வச்சேன். நல்லாக் கறுத்து முத்தின பொறவுதான் உள்ளங்கை நெறைய ஊத்தித் தேச்சு விட்டேன்" என்றார். நாங்கள் வெயில் படக் கூடாதென்று கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கொடுத்தது, வெயிலிலேயே குடியிருந்திருக்கிறது. மோர் எல்லாம் கெட்டுத் தீர்ந்து, வெறும் கறையும் எரிச்சலும்தான் மிச்சம்.

அம்மையார் அந்தக் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தனை நாள் அவர் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு அந்த மாடியிலேயே விழுந்துவிட்டது.

தங்கத்தாயை ஒரு வார்த்தை கடிந்தாரா? இல்லை! "மோர்க் கதைய நாந்தான் பாதில விட்டுட்டேன். கறுத்தா என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே" என்றார். மறுநாளிலிருந்து சீரம் எழுதுகிற ஒவ்வொருவரிடமும், "கறுத்தா?" என்று கேட்பார். அவர்கள், "தூக்கிப் போடணும்" என்று சொன்னால்தான் சீட்டு கைக்கு வரும். இசக்கிச்செல்விக்கு எல்லாப் பூச்சையும் நிறுத்தி, இதமான களிம்பு மட்டும் கொடுத்தார். நிச்சயத்துக்குள் முகம் தெளிந்துவிட்டது. இதோ, சீருடையோடு பின்வரிசையில் நிற்கிறாள், திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை. கத்திய அதே கூடத்தில் வந்து நின்று, தப்பு எங்க பேர்ல என்று உரக்கச் சொன்னார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? செருப்புகள் படிக்குத் திரும்பி வந்தன.

நிச்சயதார்த்தத்துக்கு அம்மையாரும் நானும் போயிருந்தோம். பந்தியில் அண்ணாச்சியே நின்று பாயசம் ஊற்றினார். அப்போதும், அன்னைக்கு நான் பேசினது என்று இழுத்தார். அம்மையார் இன்னொரு கரண்டி கேட்டு அந்தப் பேச்சை மாற்றினார். இது நடந்து சித்திரையும் பாதி கழிந்த பிறகுதான், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, பழி இல்லை. அழுகிறோம்தான், ஆனாலும் என் மனசு நிம்மதியாக இருக்கிறது. பண்பொழி மாடியைப் பார்க்காமல் அவர் போயிருந்தால் நான் இங்கே நின்று பேசியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து கிளினிக் மாடியில் டாக்டர் ஸ்ரீமதி உட்காருகிறார், அம்மையாரிடம் பயின்றவர். கீழே நான் இருக்கிறேன். வெளுக்க வைக்கிற களிம்பு என் கடை வாசல் ஏறாது. கறுத்தா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத யாருக்கும் சீரம் கிடைக்காது. இது இராமலட்சுமி அம்மையார் பெயரால் நான் சபையறியக் கொடுக்கும் வாக்கு!

அம்மையார் தனக்கென்று மேசையில் வைத்திருந்த சீரம் பாட்டில் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. நர்ஸ் முருகம்மாள் அதைப் படத்துக்குப் பக்கத்தில் ஞாபகமாக வைக்கலாம் என்று கொண்டு வந்தாள். திறந்து பார்த்தேன், நிறம் மாறிவிட்டது. அவள் அழ அழ, இன்று காலை நானே அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

சுடலைக்கண்ணு அண்ணாச்சி, துண்டை எடுங்கள். அன்று நீங்கள் பாயச வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்ததும், அம்மையார் என் பக்கம் சாய்ந்து ஒன்று சொன்னார். அதை உங்களிடம் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. அவர் சொன்னபடியே சொல்லுகிறேன்:

"பாய், அண்ணாச்சி அந்தப் பேச்ச இன்னும் மொட்ட மாடில வச்சுக் காயப் போட்டுட்டு இருக்காரு. அது எப்பமோ கறுத்துப் போச்சு, தூக்கிப் போடச் சொல்லுங்க."