பட்டு என்று எழுதியிருந்த படம்

லெமூர்களுக்கு வாழைப்பழம் அதிகம் கொடுக்கக் கூடாது. இது பார்வையாளர்கள் பலருக்குத் தெரியாது. குரங்கு ஜாடையில் எது இருந்தாலும் பழத்தை நீட்டிவிடுகிறார்கள். பதினெட்டு வருடங்களாக இந்த மிருகக்காட்சிசாலையில் நான் காலையில் நறுக்குவது வெள்ளரிக்காய், காரட், அவித்த பூசணி, ஒரு கைப்பிடி கீரை. பழம் என்றால் ஒரே ஒரு துண்டு, அதுவும் மாத்திரையை உள்ளே வைத்துக் கொடுப்பதற்கு. நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன், ஐயா.

என் கூண்டில் பதினொரு வரிவால் லெமூர்கள் இருந்தன. இப்போது பத்து. காட்டில் இவை அருகிவருவதால் எது யாருக்குப் பிறந்தது, எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. ஆள் மாறிப் போனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஜோடி சேர்த்த கதையாகிவிடும். வெளியாள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: வெள்ளை முகம், கண்ணைச் சுற்றிக் கருப்பு, கரி அப்பிய மூக்கு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடித்து, வாலில் ஆளுக்கு ஒரு இடத்தில் ஒரு விரல் அகலம் முடியை மழித்துவிடுவோம். நுனியில் மழித்திருந்தால் பெரியம்மா, நடுவில் என்றால் மிளகு, அடிவாலில் என்றால் பட்டு. இதெல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தது. எனக்குத் தேவைப்பட்டதில்லை. எனக்கு முகம் தெரியும்.

பெரியம்மா வயதானவள், கூட்டத்துக்குத் தலைவி. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆண்கள் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். அவளுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இரண்டு வேளை இன்சுலின். பட்டுவும் மிளகும் இரட்டைப் பிறவிகள். தாயிடம் ஒருத்திக்குத்தான் பால் இருந்தது, அது மிளகுக்குப் போனது. பட்டுவை டாக்டர் என் கையில் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தேன். நான்கு மாதம் என் சட்டைக்குள் வளர்ந்தாள். இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவதற்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு தூங்குவாள். "அந்தச் சட்டையை நீங்களே தோய்ச்சுக்குங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

மழிப்பதற்காகப் பிடிக்கும்போது அவை மிரள்கின்றன, இனிமேல் வேண்டாம் என்று போன வருடம் முடிவானது. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றையும் நேராக, இடமாக, வலமாகப் படம் எடுத்து முகக் கோப்பு தயாரிக்க வேண்டும் என்றார்கள். படம் எடுக்க ஆள் தேடினார்கள். என் மனைவியின் தம்பி ஸ்டுடியோ வைத்திருந்தான், தொழில் மந்தம். அவனைச் சொன்னது நான்தான்.

முதல் நாள் அவனுக்கு ஒன்றும் படியவில்லை.

"கல்யாண மண்டபத்துல முன்னூறு பேரை ஒரே நேரத்துல சிரிக்க வச்சவன் நான், அத்தான். இதுங்க என்னை எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி பாக்குதுங்க" என்றான்.

"மூணு மாசம் பழகினா பாக்கும் மாப்ளே" என்றேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூண்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு விரலைச் சொடுக்குவான், அவை திரும்பிப் பார்க்கும். இருநூறு படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, பூதக்கண்ணாடியோடு நிற்பான். இதற்குப் புருவத்தின் மேல் வெள்ளை அகலம், அதற்கு இடது காது மடலில் பிசிறு. டாக்டர் ஒரு சந்தேகம் என்றால் இப்போது அவனைக் கூப்பிட்டார். செய்தித்தாளில் அவன் படம் வந்தது. பின்னால் தட்டோடு நிற்பவர் பராமரிப்பாளர் என்று என்னையும் போட்டிருந்தார்கள்.

வீட்டிலும் அதே பேச்சு. ஒரு நாள் சாப்பிடும்போது அவன் வந்தான். வந்ததும் தன் அக்காவைப் பார்த்து, "புதுக் கண்ணாடியா? உனக்கு நல்லா இருக்குக்கா" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நாலு நாளா போட்டிருக்கேன். இந்த மனுஷனுக்குக் குரங்கு மூஞ்சிதான் தெரியும்."

"குரங்கு இல்லக்கா, லெமூர்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குரங்கு இல்லை என்று திருத்தவேண்டியது நான் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வால்களில் முடி நன்றாக வளர்ந்துவிட்டிருந்த சமயம், ஒரு காலையில் டாக்டர் வந்து, "பட்டு எங்கய்யா?" என்றார். மேல்கிளையில் இருந்தவளைக் காட்டினேன்.

"அத்தான், அது மிளகு" என்றான் மைத்துனன். "பட்டு இதோ என் மடியில இருக்கா. மூக்குக்கு மேல கருப்பு இடது பக்கமா இறங்குது பாருங்க."

டாக்டர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வளர்ப்புப் பொண்ணையே அடையாளம் தெரியலையா?" என்று என் தோளைத் தட்டினார்.

ஐயா, பட்டு வேறு யார் மடியிலும் உட்காரமாட்டாள். அதனால் அந்த மடியில் இருந்தவள் மிளகு. இது நேரான கணக்கு. இதை நான் அங்கே சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு விதி போட்டார்கள். ஊசி போடுகிறவர் கோப்பிலுள்ள படத்தையும் விலங்கின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் போட வேண்டும். பராமரிப்பாளர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்கக் கூடாது. கூண்டு வாசலில் அதை ஒட்டுவதற்குப் பசையை என்னிடமே கேட்டார்கள்.

அந்த மடியில் இருந்தவள் தினமும் அங்கேயே இருந்தாள். அவன் கேமராப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மிளகுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் நான்கு நாள் பயிற்சிக்காக வெளியூர் போனார். ஊசி போட, பறவைப் பிரிவிலிருந்து கம்பவுண்டர் பெண் வருவாள் என்றார்கள். அவள் அதுவரை லெமூரைத் தொட்டதில்லை. கோப்பில் ஒரு விலங்குக்கு ஒரு பக்கம். மேலே பெயரும் மருந்தும், கீழே பிளாஸ்டிக் உறைக்குள் படங்கள். உறைகளுக்கு ஒட்டு கிடையாது. அவள் வருவதற்கு முந்தைய நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பெரியம்மாவின் பக்கத்தில் இருந்த படங்களையும் பட்டுவின் பக்கத்தில் இருந்த படங்களையும் உருவி, மாற்றிச் செருகினேன். இரண்டு நிமிட வேலை. அவன் பட்டு என்று எழுதியிருந்த படத்தில் இருந்தது பட்டு இல்லை என்பதால், அதை உருவ எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு வேளை ஊசி தவறினால் ஒன்றும் ஆகாது. அதையும் யோசித்திருந்தேன். மறுநாள் காலை, அந்த மடிக்காரிக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை. வெறும் வயிற்றில் இன்சுலின் ஏறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் எனக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்று மைத்துனன் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தான். கூட்டத்தைப் பின்கூண்டுக்குத் தள்ளிவிட்டு அவளை மட்டும் முன்கூண்டில் வைத்திருந்தேன். கம்பவுண்டர் பெண் கோப்பை விரித்தாள்.

"எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே அண்ணே."

"பழகினா தெரியும்மா."

"மூக்குக்கு மேல கருப்பு, இடது பக்கமா இறங்குது... ஆமா, இதுதான். பெரியம்மான்னு போட்டிருக்கு. வயசானதுன்னு சொன்னாங்க, பாத்தா தெரியலையே. நீங்க சொல்லுங்க அண்ணே, இதுதானே?"

"படத்தைப் பாரும்மா. நான் சொல்றதை வச்சுப் போடக் கூடாது. வாசல்ல ஒட்டியிருக்கு" என்றேன்.

அவள் நல்ல பெண். மூன்று முறை பார்த்தாள். அவள்மேல் குற்றம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி போடும்போது பிடித்திருந்தது நான். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே என் மேல் ஏறி, பொத்தான்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டது. மிளகு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் பெண் கிளிகளைப் பார்க்கப் போனாள். முதலில் கைகள் தளர்ந்தன, பிறகு உடல் உதறத் தொடங்கியது. மேடைமேல், மாத்திரைக்காக எடுத்துவைத்த ஒரு துண்டு வாழைப்பழம் இருந்தது. அதைக் குழைத்து ஈறில் தடவியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு நான் சாப்பிட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு, சட்டைக்குள் மூச்சு நின்றது.

படங்களைத் திருப்பி வைக்கவில்லை. அது அப்படியே இருந்தால்தான் தவறு யாருடையது என்று தெரியும். தெரிந்தது. என் மைத்துனனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "நான் மாத்தி வைக்கலை அத்தான். எத்தனை தடவை சரிபார்த்தேன் தெரியுமா? அந்தக் குட்டி எங்கிட்ட அவ்வளவு ஒட்டுதலா இருந்துச்சே" என்று அழுதான். மனுஷன் என்றால் தவறு வரும் என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். என் மனைவி எனக்குக் கும்பிடு போட்டாள். "நீங்களாவது அவனைத் திட்டாம இருக்கீங்களே" என்றாள்.

நீங்கள் கூப்பிடாமலே நான் வந்ததற்கு அவன் அழுகை காரணமில்லை. நேற்று உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் எங்கள் பிரிவுக்கு வந்தது. எல்லா லெமூர்களுக்கும் தோளுக்கு அடியில் அரிசிமணி அளவு ஒரு அடையாளச் சில்லு உண்டு. கருவியைக் கிட்டே வைத்தால்தான் எண் காட்டும். அது கத்தும் சத்தத்துக்கு அவை மிரளும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறைதான் பார்ப்போம். இறந்த உடலில் பார்த்திருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்து, இறந்த விலங்கின் பெயர் பட்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.

மற்றதெல்லாம் நான் செய்ததுதான். படத்தை மாற்றியது நான், பட்டினி போட்டது நான், பழத்தைக் கொடுக்காமல் இருந்தது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக் கொடுங்கள். கருவிக்கு ஆயிரம் கோளாறு வரும். என் சட்டைக்குள் வளர்த்தவளை எனக்குத் தெரியாதா?

பட்டு நன்றாக இருக்கிறாள். மேல்கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் இறங்கி வருவதில்லை, கையை நீட்டினால் கடிக்கிறாள். கூடப் பிறந்தவள் போன வருத்தம். அது தீர்ந்ததும் வருவாள்.